போதும்னா ஆரம்பம்

அந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் பேசலாம். கோபத்தில் நாலு வார்த்தை தடித்துப் போனால்கூட டெய்லரம்மா ஒரு முறை முறைப்பாள், அதோடு சரி. ஆனால் 'போதும்' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தொலைந்தீர்கள். கையில் டம்ளர் இருந்தால் டம்ளர் போச்சு, மேஜையில் தட்டு இருந்தால் தட்டு போச்சு.

ஏன் என்று கேட்கிறீர்களா? அது அவளே தேடிக்கொண்ட வினை.

டெய்லரம்மா மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் உலகம் தெரியாது. சாயங்காலம் இடுப்பு 'என்னை விட்டுடும்மா' என்று கெஞ்சும்வரை மிதிதான். கடைசியில் பெடலிலிருந்து காலை எடுத்து, முதுகை நிமிர்த்தி, வீடு அதிர "போதும்!" என்பாள். மெஷினைப் பார்த்துத்தான் சொல்லுவாள். ஆனால் வீட்டிலிருந்த இரண்டு பூனைகளும் அது தங்களுக்குச் சொன்னது என்று முடிவு கட்டிவிட்டன. அதிலும் தப்பில்லை. அந்த வார்த்தை வந்த கையோடு அவள் கழுத்தில் கிடக்கும் அளவு டேப் தரைக்கு வந்துவிடும். டேப் முனையிலிருக்கும் தகரம் தரையில் 'டிக் டிக்' என்று இழுபடும். அப்புறம் என்ன, திருவிழாதான்!

ஒன்றின் பெயர் ஊசி. கறுப்பு, ஒல்லி, ஒரு இடத்தில் நிற்காது. டேப்பைக் கண்டால் பீரோ மேலிருந்து ஒரே பாய்ச்சல். நாற்காலி முதுகில் ஏறி, திரைச்சீலையில் தொங்கி, மெஷின் மூடியில் சறுக்கி, குட்டிக்கரணம் போட்டுத்தான் நிற்கும். இன்னொன்று பாபின். வெள்ளை, உருண்டை, சோம்பேறிகளின் தலைவன். மெஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரே ஒரு கையை மட்டும் வெளியே நீட்டித் தரையைத் துழாவும். டேப் அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில் போனால் தட்டும். போகாவிட்டால் தட்டாது. அதற்கு அதுதான் விளையாட்டு. இதுவரை எதையும் பிடித்ததில்லை, பிடிக்கவில்லையே என்று கவலைப்பட்டதும் இல்லை.

ஆரம்பிக்க வார்த்தை கிடைத்துவிட்டது, நிறுத்தத்தான் வார்த்தை இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு டெய்லரம்மா "போதும்டா சாமி" என்பாள். அடுத்த ரவுண்டு என்று ஊசி மறுபடி பீரோ மேல் ஏறும். "போதும்னு சொல்றேன்ல!" என்று கத்துவாள். இரண்டுக்கும் இன்னும் குஷி கூடிவிடும். ஆடி ஆடி அவளுக்கு நாக்குத் தள்ளிவிடும்.

வழி சொன்னது அவள் வீட்டுக்காரர்தான். அவர் பஸ் டிரைவர். வேலை முடிந்து வந்து சோபாவில் சாய்ந்துகொண்டு இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவருடைய பொழுதுபோக்கு.

"ஏம்மா, நீ கஸ்டமருக்கெல்லாம் சொல்லுவியே ஒரு வார்த்தை, அதைச் சொல்லிப் பாரேன்."

"எந்த வார்த்தைங்க?"

"நாளைக்கு! அதைக் கேட்டா மனுஷனே நம்பிக்கை போயி, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறான். பூனை போகாதா?"

அவள் அவர் மேல் ஒரு நூல்கண்டை வீசினாள். ஆனால் சொல்லியும் பார்த்தாள். ஊசி டேப்பைப் பிடித்து ஆசை தீரக் கடித்து முடித்ததும் "நாளைக்கு" என்று சொல்லி, டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, தட்டில் தீனியை வைத்தாள். சில நாளில் பிடிபட்டுவிட்டது. 'போதும்' என்றால் ஆரம்பம், 'நாளைக்கு' என்றால் முடிவு. மழையோ வெயிலோ, தலைவலியோ காய்ச்சலோ, அந்தச் சாயங்கால ஆட்டம் மட்டும் தவறாது. டெய்லரம்மாவுக்கே அது இல்லாமல் இருப்புக் கொள்ளாது. நாள் முழுக்க அடுத்தவர் இடுப்பையும் தோளையும் அளந்த டேப்பு, அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுடைய டேப்பு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில், வீட்டை இடித்துக் கட்டப்போகிறோம், மாசக் கடைசிக்குள் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏறி இறங்காத வீடில்லை. எல்லாம் பிடித்துப்போய், "வேற என்ன, பூனை ரெண்டு இருக்கு" என்று டெய்லரம்மா சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் சுருங்கிவிடும். ஒருத்தருக்குத் தும்மல், ஒருத்தருக்குப் பயம், ஒருத்தருக்குக் காரணமே இல்லை. டிரைவருக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாரு. அடுத்ததா கிடைக்கிற வீடும் இதுங்களால போச்சுன்னா, ரெண்டையும் என் தங்கச்சி வீட்டுக்காரரோட சிமென்ட் குடோன்ல விட்டுடுவேன். சொல்லிட்டேன்."

"குடோன்லயா? இதுங்களா?"

"எலி பிடிச்சுப் பொழைச்சுக்கும்."

"பாபின் எலியைப் பிடிக்குமா? எலி வந்து அது வாயில விழுந்தாத்தான் உண்டு!"

குடோன் என்று சொன்னவருக்கே அன்று சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்புறம்தான் அந்த வீடு வந்தது. அடுத்த தெருவில், கீழ்த்தளம். வாசல் பக்க அறையில் சுவர் அகலத்துக்கு ஜன்னல். ஜன்னலோரம் மெஷினைப் போட்டால் விளக்கே தேவையில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு உள்ளே வருவார்கள். டெய்லரம்மா அந்த ஜன்னலைப் பார்த்ததிலிருந்து தலைகால் புரியாமல் திரிந்தாள். வீட்டுக்காரம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கறார் என்றால் அப்படி ஒரு கறார். "நீங்க இப்ப இருக்கிற வீட்டை எப்படி வெச்சிருக்கீங்கன்னு நேர்ல பார்த்துட்டுத்தான் சாவி கொடுப்பேன்" என்று போனில் சொல்லிவிட்டார். கூடவே, போன குடித்தனக்காரரின் நாய் கதவெல்லாம் பிராண்டி நாசம் பண்ணிவிட்டது, அதனால் வளர்ப்புப் பிராணி எதுவும் கூடாது என்றார்.

போனைப் பிடித்திருந்தது டிரைவர். "பிராணியா? எங்க வீட்லயா? சேச்சே!" என்றார். அப்போது ஊசி அவர் தோளில் உட்கார்ந்து அவர் காதை நக்கிக்கொண்டிருந்தது.

காலையில் வருகிறேன் என்ற டீச்சர் காலையில் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் போட்டிப் பயிற்சியாம். சாயங்காலம் வந்தார். எந்தச் சாயங்காலம்? சரியாக ஆட்டம் ஆரம்பிக்கிற சாயங்காலம்!

அழைப்பு மணி அடித்ததும் டெய்லரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஊசியைக் கக்கத்தில் இடுக்கி, பாபினை மூட்டை போலத் தூக்கி, இரண்டையும் படுக்கையறையில் தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள். தீனித் தட்டு பிரிட்ஜுக்குள் போனது. டிரைவர் கதவைத் திறந்தார்.

டீச்சர் கறுப்பு டிராக் பேன்ட்டும் கழுத்தில் விசிலுமாக நேரே மைதானத்திலிருந்து வந்திருந்தார். உள்ளே வந்தவர் மெஷினைப் பார்த்தார்.

"டெய்லருங்களா? முதல்லயே சொல்லிடறேன், எனக்கு டெய்லருங்க மேல அவ்வளவா நம்பிக்கை கிடையாது. எங்க டீமுக்கு யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு சொல்லி, போட்டியெல்லாம் முடிஞ்ச பிறகு கொண்டாந்து கொடுத்தாரு அந்த மனுஷன்."

"அந்தப் பழக்கமெல்லாம் எங்ககிட்ட இல்லீங்க" என்றார் டிரைவர், மனைவியைப் பார்க்காமல்.

டீச்சர் சோபாவில் உட்கார்ந்தார். டெய்லரம்மாவின் மண்டைக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவருக்கு டீ கொடுக்க வேண்டும். டீ ஊற்றினால் எந்த விருந்தாளியும் கையைக் குறுக்கே நீட்டி என்ன சொல்லுவார்? அதேதான்! அவள் சமையலறையிலேயே கப்பில் முக்கால்வாசி ஊற்றி, அளவு பார்த்து, கொண்டுவந்து வைத்தாள். கெட்டிலை எடுத்து வரவே இல்லை. டிரைவரோ பழக்க தோஷத்தில் பிஸ்கட் டப்பாவை எடுத்து, "சாப்பிடுங்க டீச்சர், இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று தட்டில் அடுக்க ஆரம்பித்தார். டீச்சர் கை உயர்ந்தது. வாய் திறந்தது. டெய்லரம்மா பாய்ந்து வந்து தட்டையே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டீச்சர் கையில் எடுத்த பிஸ்கட்டோடு திகைத்துப் பார்த்தார்.

"நமத்துப் போயிருக்கும் டீச்சர்" என்றாள் அவள்.

"நல்லாத்தானே இருக்கு?"

"இருக்குற மாதிரி இருக்கும்."

டீச்சர் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். தொடையில் எதையோ தட்டினார். கறுப்பு பேன்ட்டில் ஒரு வெள்ளை முடி.

"என்ன இது?"

"நூலுங்க" என்றார் டிரைவர். "டெய்லர் வீடாச்சே."

"வளைஞ்சிருக்கே?"

"கம்பளி நூலுங்க."

டீச்சர் அதையும் ஏற்றுக்கொண்டார். சுத்தமாக மடித்து அடுக்கியிருந்த துணிகள், துடைத்துப் பளபளத்த மெஷின், எல்லாம் அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு மைக் முன்னால் நிற்கிற தமிழ் வந்துவிட்டது.

"நான் பிள்ளைகளிடம் எப்போதும் சொல்வது ஒன்றுதான்..."

படுக்கையறையில் 'தொப்'.

எப்போதும்! அடக் கடவுளே, அதற்குள்ளும் அந்த வார்த்தை இருக்கிறதே! டெய்லரம்மா இத்தனை வருஷத்தில் யோசித்ததே இல்லை. மனுஷன் பேச்சில் 'எப்பவும்' என்று சொல்லிவிட்டுப் போவோம். இந்த அம்மா அட்சர சுத்தமாக அல்லவா சொல்கிறார்!

"என்ன சத்தம்?"

"மேல் வீடுங்க" என்றார் டிரைவர். அது மாடி வீடு. மேலே மொட்டை மாடி.

"ஒழுக்கம் எப்போதும் வீட்டிலிருந்து..."

'தொப், தொப், கிரீச்'.

"நாளைக்கு!" என்று கத்தினாள் டெய்லரம்மா. இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். "நாளைக்கு... மழை வருமாம் டீச்சர்."

உள்ளே சத்தம் அடங்கியது. டிரைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டெய்லரம்மாவும் மூச்சு விட்டாள். ஆனால் அடுத்த நொடியே ஏதோ போல் ஆகிவிட்டது அவளுக்கு. ஆட்டமே ஆடாமல் 'நாளைக்கு' சொன்னது அதுதான் முதல் தடவை. கஸ்டமருக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள், கூசியதில்லை. இது கூசியது.

டீச்சர் எழுந்து டிராக் பேன்ட் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். வைத்தே விட்டார்! அந்த ஜன்னல், அந்த வெளிச்சம், எல்லாம் சேர்ந்து ஒரு சாவியாக மேஜை மேல் கிடந்தது.

"எனக்குத் திருப்தி. ஒரே ஒரு கேள்விதான். வீட்ல நீங்க ரெண்டு பேர் மட்டும்தானே? வேற யாரும் இல்லையே?"

"ரெண்டே பேருதாங்க. வேற யாரு இருக்கா" என்றார் டிரைவர்.

அப்போதுதான் டெய்லரம்மா பார்த்தாள். டீச்சரின் முதுகுக்குப் பின்னால், படுக்கையறைக் கதவின் அடியில், வெள்ளையாக ஒரு கை வெளியே வந்திருந்தது. பாபின். படுத்தபடியே கையை நீட்டித் தரையைத் துழாவிக்கொண்டிருந்தது. இடது பக்கம் ஒரு தடவல், வலது பக்கம் ஒரு தடவல். டேப் இந்தப் பக்கம் எங்கேயாவது போகிறதா என்று பார்க்கிறது. முனகவில்லை, கத்தவில்லை. வரும் என்று நம்பி நீட்டிக்கொண்டு கிடக்கிறது.

டெய்லரம்மா அந்தக் கையையே பார்த்தாள். புது வீட்டுக்குப் போனபின் என்ன செய்வோம்? டீச்சர் வரும்போதெல்லாம் இதுகளைப் பீரோவில் ஒளிப்போமா? வாயைப் பொத்திக்கொண்டு ஆடுவோமா? இருக்கிற பிள்ளைகளை இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டே வளர்ப்போமா? அப்படி ஒரு ஜன்னல் தேவையா?

"வேற யாருங்க, பூனை நாய்னு..." என்று டிரைவர் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க" என்றாள் அவள். "போதும்."

சத்தமாகச் சொல்லவில்லை. புருஷனுக்குத்தான் சொன்னாள். கதவுக்கு அந்தப் பக்கம் கட்டில் மேலிருந்து ஒரு 'தொம்' கேட்டது. டிரைவர் திருதிருவென்று முழித்தார். டெய்லரம்மா நடந்து போய், தன் கையாலேயே தாழ்ப்பாளை இழுத்தாள். கழுத்திலிருந்த டேப்பைத் தரையில் போட்டாள்.

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! வெள்ளையாக ஒன்று உருண்டு போய் மெஷினுக்கு அடியில் கையை நீட்டிப் படுத்தது. கறுப்பாக ஒன்று பறந்து வந்தது. சோபா, டீச்சரின் முதுகு, மேஜை. டீ கப் உருண்டது. சாவி வழுக்கித் தரையில் விழுந்து சர்ரென்று ஓடியது. டீச்சர் சோபா மேல் ஏறி நின்றுகொண்டார்.

"ஐயோ! போதும்! போதும்!"

ஊசிக்கு இது போதாதா? இதுவரை யாரும் அதற்கு இவ்வளவு கம்பீரமான குரலில் உத்தரவு கொடுத்ததில்லை. திரைச்சீலையில் ஏறி, டீச்சரின் தோளில் குதித்து, விசில் கயிற்றைக் கடித்து இழுத்தது.

"போதும்னு சொல்றேன், கேக்குதா? போதும்!"

"டீச்சர், தயவு செஞ்சு அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க!"

"எந்த வார்த்தையை? 'போதும்'ங்கறதையா?"

இன்னொரு குட்டிக்கரணம். டீச்சர் விசிலை ஊதினார். மைதானமே அடங்குகிற விசில். ஊசி அதைச் சட்டை செய்யவே இல்லை.

"நாளைக்கு!" என்றாள் டெய்லரம்மா.

ஊசி இருந்த இடத்தில், அதாவது டீச்சரின் காலடியில், பொத்தென்று உட்கார்ந்து காலை நக்க ஆரம்பித்தது. வீடு கப்சிப்.

டீச்சர் மெதுவாக இறங்கினார். முகம் சிவந்திருந்தது. "பூனை இருக்கறது இருக்கட்டும். முகத்தைப் பார்த்து எப்படிப் பொய் சொன்னீங்க?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். டெய்லரம்மாதான் பேசினாள். "தப்புதான் டீச்சர். வீடு கிடைக்கலேன்னா இதுங்களைக் குடோன்ல விடணுமேன்னு பயந்துட்டோம். நீங்க சாவியை எடுத்துட்டுப் போங்க. ஆனா இதுங்க இல்லைன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன்."

டீச்சர் சாவியைத் தேடினார். காணவில்லை. தேடிக்கொண்டே படுக்கையறைப் பக்கம் போனவர் கதவருகே நின்றார். குனிந்து, பிள்ளைகளின் நகத்தைப் பார்ப்பது போல் கதவின் உள்பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். விரலால் தடவினார்.

"ஒரு கீறல்கூட இல்லையே?"

"தினம் சாயங்காலம் நல்லா ஆட விட்டுட்டா இதுங்க கதவுகிட்ட ஏன் டீச்சர் போகுது? ஆசை தீர ஆடிட்டு, சாப்பிட்டுட்டு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிடும். இன்னிக்குத்தான் நீங்க வர்றீங்கன்னு ஆட விடாம அடைச்சு வெச்சோம்."

டீச்சர் நிமிர்ந்தார். முகம் மாறிப்போயிருந்தது.

"என்னது? நான் வர்றேன்னு விளையாட்டு பீரியடைக் கட் பண்ணீங்களா?"

"பீரியடுன்னு இல்ல டீச்சர்..."

"அதேதான்! மழை வந்தா என் பீரியட் போச்சு. பரீட்சை வந்தா என் பீரியட் போச்சு. யாராவது பெரிய ஆளு பார்க்க வந்தா முதல்ல போறது என் பீரியடுதான். கணக்கு டீச்சர் வந்து நிப்பாங்க, 'இன்னிக்கு மட்டும் கொடுங்க'ன்னு. ஆட விடாத வகுப்புதான் பெஞ்சை உடைக்கும்னு எத்தனை வருஷமா தொண்டை கிழியக் கத்தறேன், ஒருத்தர் காதுலயும் ஏறல. இன்னிக்கு என்னைக் காரணம் காட்டியே ஒரு விளையாட்டு நின்னுருக்கா? என்னை!"

டிரைவர் இரண்டடி பின்வாங்கினார். டீச்சர் குனிந்து ஷூ லேஸை இறுக்கிக் கட்டினார். தரையில் கிடந்த டேப்பைக் கையில் சுற்றி எடுத்தார்.

"எப்படி ஆரம்பிக்கணும்?"

டெய்லரம்மாவால் நம்பவே முடியவில்லை. "டீச்சருக்குத்தான் தெரியுமே" என்றாள்.

டீச்சர் நெஞ்சு நிறைய மூச்சிழுத்தார். மைதானத்தின் கடைசிப் பையன்வரை கேட்கிற குரலில் சொன்னார்: "போதும்!"

ஆட்டம் என்றால் அது ஆட்டம்! டீச்சர் டேப்பைச் சுழற்றினார், நாற்காலியைச் சுற்றி ஓடினார், முட்டி போட்டு சோபாவுக்கு அடியில் இழுத்தார். ஊசிக்கு இப்படி ஒரு ஜோடி வாழ்நாளில் கிடைத்ததில்லை. "சபாஷ்! இன்னும் உயரம்! உன்னால முடியும்!" என்று டீச்சர் கூவினார். டிரைவர் எல்லாவற்றையும் மறந்து கை தட்டினார். டெய்லரம்மா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"அந்தக் குண்டன் ஏன் ஆடல?" என்றார் டீச்சர், மூச்சு வாங்கியபடி. பாபின் மெஷினுக்கு அடியில் கவிழ்ந்து படுத்திருந்தது. மல்லாந்தே கிடக்கிற பூனை ஏன் கவிழ்ந்து கிடக்கிறது? டெய்லரம்மா குனிந்து பார்த்தாள். வயிற்றுக்கு அடியிலிருந்து சாவியின் வளையம் எட்டிப் பார்த்தது. மேஜையிலிருந்து ஓடிய சாவி, நீட்டியிருந்த கைக்கு நேராகப் போயிருக்கிறது. பாபின் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்றைப் பிடித்துவிட்டது!

"டீச்சர், சாவி அதுகிட்ட இருக்கு. இருங்க, எடுத்துத் தரேன்."

"எடுக்காதீங்க" என்றார் டீச்சர். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "பிடிச்சவங்களுக்குத்தான் கப்பு. எப்ப குடி வர்றீங்க?"

டெய்லரம்மாவுக்கு வாயில் வேறு வார்த்தை வரவில்லை. "நாளைக்கு!" என்றாள்.

பீரோவில் பாதி ஏறியிருந்த ஊசி பொத்தென்று இறங்கி உட்கார்ந்தது. டீச்சர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"டெய்லர் நாளைக்கா, நிஜ நாளைக்கா?"

"நிஜ நாளைக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டு, அவள் பிரிட்ஜைத் திறந்து தீனித் தட்டை எடுத்தாள்.